சாப்பிட்ட பிறகு படி

அஸ்தினாபுரம், சென்னை-64
12-6-94, ஞாயிறு

அன்பு மகள் சாமுண்டீஸ்வரிக்கு அப்பா துளசிங்கம் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே நடமாடிக்கொண்டிருக்கிறோம், அதற்கு மேல் நலம் என்று எழுதக் கை வரவில்லை. நீயும் மாப்பிள்ளை அரிகிருஷ்ணனும் குழந்தை பாலகுருவும் அந்த மஸ்கட் வெயிலில் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும், அங்காளம்மன் பார்த்துக்கொள்வாள். சாமுண்டி, உன் பழக்கம் எனக்குத் தெரியும். மாப்பிள்ளை கம்பெனியிலிருந்து தபாலைக் கொண்டுவந்து நீட்டியதும் கை ஈரத்தைக்கூடத் துடைக்காமல் நின்றபடியே கிழிப்பாய். இந்த ஒரு தடவை வேண்டாம். இதற்குள் பிரித்துவிட்டாய் என்றாலும் பரவாயில்லை, இந்த வரியோடு மடித்து ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டுப் போய்ச் சாப்பிடு. குழந்தைக்கு ஊட்டு, மாப்பிள்ளையும் சாப்பிடட்டும், பிறகு இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து படியுங்கள். கவர் மேலேயும் பெரிதாக எழுதியிருக்கிறேன், பார்த்திருப்பாய். அப்பாவுக்கு மலைக்குப் போய் வந்ததில் புத்தி பிசகிவிட்டது என்று நினைக்காதே, காரணமாகத்தான் சொல்கிறேன்.

சாப்பிட்டுவிட்டாய் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். உன் தம்பி லோகநாதன் இல்லை அம்மா. போன ஆவணியிலேயே போய்விட்டான். மழையில் மலை சரிந்து அவன் மேல் விழுந்துவிட்டது. சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது, சொல்லவும் கூடாது, நீ அவனுக்கு மூத்தவள், நேராகக் கேட்டுக்கொள்ள வேண்டியவள். அழுதுவிட்டு மேலே படி. எப்படி இருந்தான், யார் வீட்டில் இருந்தான், யார் அவனுக்குக் கொள்ளி வைத்தது என்பதெல்லாம் உனக்குத் தெரிய வேண்டும். அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. ஊர் வந்து சேர்ந்து ஒரு வாரமாகிறது, வாய் வரைக்கும் வருகிறது, திரும்பிப் போய்விடுகிறது. அந்தப் பேஜாரைக் கடைசியில் சொல்கிறேன்.

மலைக்கோயில் யாத்திரைக்காரர்களோடு சமையல் கையாளாகப் போனவன், பத்ரிநாத் தரிசனம் முடிந்து மற்றவர்கள் பஸ் ஏறும்போது நான் நடந்து வருகிறேன் என்று நின்றுவிட்டதுதான் உனக்குத் தெரியுமே. அவன் போட்ட கார்டுகளில் கோயிலைப் பற்றி ஒரு வரி இருக்காது. இந்த ஊரில் கேழ்வரகு ரொட்டியும் வெண்ணெயும் கொடுத்தார்கள், காசு வாங்க மாட்டேன் என்கிறார்கள், அதனால் ஒரு வாரம் இருந்து களை எடுத்துக் கொடுத்தேன், இந்த வீட்டில் எருமை கன்று போட்டிருக்கிறது, சீம்பால் கொடுத்தார்கள், அம்மா செய்கிற மாதிரி இல்லை, இப்படித்தான். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாதே, நான் வாசித்துக் காட்டுவேன், அவள் எருமைக்குப் பருத்திக்கொட்டை வைப்பார்களா என்று என்னைக் கேட்பாள், நான் போய்ப் பார்த்தவன் மாதிரி. ஆடிக்குப் பிறகு கார்டு இல்லை. யாத்திரைக் கம்பெனிக்காரன் கையை விரித்தான். போலீசில் எழுதிக் கொடுத்தோம், எழுதிக் கொடுத்ததோடு சரி. குளிர்காலத்தில் பாதை இருக்காது என்றார்கள். சித்திரை பிறந்ததும் அம்மா ஒரு காரியம் செய்தாள். நீங்கள் போய் நேரில் பார்த்துவிட்டு வந்து சொல்கிற வரைக்கும் எனக்கு மதியச் சோறு கிடையாது என்று அங்காளம்மன் கோயிலில் கற்பூரம் ஏற்றிச் சொல்லிவிட்டாள். அதற்கப்புறம் நான் வீட்டில் மதியம் உட்கார்ந்து சாப்பிட முடியுமா. கிளம்பிவிட்டேன்.

தாம்பரம் ஏர்ஃபோர்ஸ் மெஸ்ஸில் வேலை பார்த்த காலமெல்லாம் கரண்டியோடு கற்றுக்கொண்ட இந்திதான் எனக்குத் துணை. ரொட்டி, நமக், ஜல்தி, அதற்கு மேல் கொஞ்சம். டெல்லியில் இறங்கி ரிஷிகேசத்துக்கு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ், ஆறு கீழே ஓடுகிறது, பஸ் மேலே ஓடுகிறது, நடுவில் ஒன்றுமில்லை. கடைசிக் கார்டில் இருந்த தபால் முத்திரையைக் காட்டி ஒரு சின்னக் கடைத்தெருவில் இறங்கினேன். அதற்கப்புறம் நடைதான். அவன் எங்கே போயிருப்பான் என்று எப்படிக் கண்டுபிடித்தேன் தெரியுமா, அடுப்பைப் பார்த்துத்தான். முதல் ஊரில் ஒரு பெண்பிள்ளை அவன் போட்டோவைப் பார்த்ததுமே சிரித்துவிட்டு, உள்ளே கூட்டிப்போய், அடுப்புக்கு மேலே நாரில் கோத்துத் தொங்கவிட்டிருந்த காய்ந்த கருவேப்பிலையைக் காட்டினாள். அந்தப் பள்ளத்தாக்கில் கருவேப்பிலை காட்டுச்செடியோடு செடியாகத் தானே வளர்ந்து கிடக்கிறது, அந்த ஊர்களில் யாரும் அதைச் சமையலில் போடுவதில்லை. நம்ம பையன் அதைக் கண்டதும் விடுவானா. போன வீடெல்லாம் பறித்துக் கொடுத்து, எண்ணெயில் கடுகு வெடிக்கவிட்டு எப்படிப் போடுவது என்று காட்டியிருக்கிறான். அதனால் ஊருக்கு ஊர் போய்ப் போட்டோவை நீட்டுவதற்கு முன்னால் அடுப்புக்கு மேலே பார்ப்பேன். இலை தொங்கினால் வந்திருக்கிறான். இல்லையென்றால் வேறு பாதை.

அந்த வீடுகளைப் பற்றி உனக்குக் கொஞ்சம் சொல்கிறேன், அவன் கடைசியாக வாழ்ந்த இடம் அது. மலையைப் படிக்கட்டு மாதிரி வெட்டி வயல் வைத்திருக்கிறார்கள், ஒவ்வொன்றும் நம்ம வீட்டு வாசல் அகலம்கூட இருக்காது. கேழ்வரகு, கொள்ளு, குதிரைவாலி எல்லாம் அங்கே விளைகிறது. நம்ம மேட்டு நிலத்தில் என் அப்பா போட்டதெல்லாம். கீழே மாடு, மேலே மனிதர்கள், சமையலறைக் கதவு இடுப்பு உயரம், குனிந்துதான் போக வேண்டும், உள்ளே போனால் புகை கண்ணைப் பிடுங்கும். பொம்பளைகள் பொழுது விடிவதற்கு முன்னால் புல் அறுக்கப் போய்விடுகிறார்கள், அந்தச் சரிவில் ஆடுகூடக் கால் வைக்க யோசிக்கும். வாலிபப் பிள்ளைகள் யாரும் இல்லை, எல்லோரும் டெல்லியில் ஓட்டல் வேலைக்குப் போய்விட்டார்கள். அதனால்தான் இவன் போய் நின்றதும் பிடித்து வைத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. ஒரு வீட்டில் நானும் ஒரு நாள் முழுக்கக் கோதுமைக் கதிர் அடித்துக் கொடுத்தேன். சும்மா சாப்பிட மனசு வரவில்லை. அப்போதுதான் இவன் ஏன் திரும்பி வர அவசரப்படவில்லை என்று கொஞ்சம் புரிந்தது. நல்ல இடம் என்பதற்காக இல்லை, கஷ்டமான இடம், இவன் கைக்கு அங்கே வேலை இருந்தது.

இனி சொல்லப்போவதுதான் எனக்குச் சொல்லக் கஷ்டம். கடைசியாக சிமல்கோட் என்று ஒரு ஊருக்குப் போனேன், மேலே, பத்துப் பன்னிரண்டு வீடுதான். அன்றைக்குச் சாயங்காலம் ஆலங்கட்டி மழை, தலையில் பையைக் கவிழ்த்துக்கொண்டு முதலில் தெரிந்த வீட்டில் ஏறினேன். வீட்டுக்காரர் பெயர் குந்தன் சிங், என் வயதுதான் இருக்கும், தலையில் வெள்ளைக் குல்லாய். அவர் மனைவி சருலி. எந்த ஊர் என்று கேட்டார்கள், மதராஸ் என்றேன். மாவு பிசைந்துகொண்டிருந்த சருலியின் கை அப்படியே நின்றது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் சட்டைப் பைக்குள் கையை விட்டு போட்டோவை எடுக்கப் போனேன், அந்த மனிதர் கையைக் காட்டித் தடுத்தார். முதலில் சாப்பாடு, பிறகு பேச்சு என்றார். சரி, ஈரத்தோடு வந்தவனுக்கு மரியாதை செய்கிறார்கள் என்று உட்கார்ந்தேன். சமையலறையிலிருந்து தாளிக்கிற வாசனை வந்தது, கொள்ளும் கருவேப்பிலையும். என் மூக்குக்குத் தெரிந்தது, புத்திக்குத் தெரியவில்லை. ஏனென்றால் அதற்குள் எனக்குக் கோபம் வந்துவிட்டது.

வெளியே கூரை நீட்டியிருக்கிற இறவாணத்துக்கு அடியில், மூன்று கல் வைத்து, அந்த மனிதர் தனக்கு மட்டும் ஒரு சின்னப் பித்தளைச் சட்டியில் தனியாகச் சோறு பொங்கிக்கொண்டிருந்தார். வீட்டுக்குள் மனைவி சமைக்கிறாள், இவர் வெளியே தனியாக. சட்டி பொங்கி வழிந்தது. அவர் விறகு எடுக்கத் திரும்பியிருந்தார். பொங்குகிற சட்டியைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியுமா, எழுந்து போய் மூடியை எடுத்துவிட்டு ஒரு கிளறு கிளறினேன். மனிதர் வேண்டாம் வேண்டாம் என்று ஓடி வந்து சட்டியைப் பிடுங்கினார். பிடுங்கி, அத்தனை சோற்றையும் கொண்டுபோய் மாட்டுக்குக் கொட்டிவிட்டார். சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு, ஒன்றும் சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டார். எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல். நம்ம பக்கத்தில் தனிச் சட்டி, தனி டம்ளர் என்றால் என்ன அர்த்தம், யார் யாருக்கு வைப்பார்கள் என்று பார்த்து வளர்ந்தவன் நான். என் கை பட்ட சோறு ஆகாது என்று என் கண் முன்னாலேயே கொட்டுகிறான் என்றால் என் சாதியை என்னவென்று நினைத்தான் என்று உடம்பெல்லாம் எரிந்தது. சருலி தட்டில் ரொட்டியும் பருப்பும் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். நான் தட்டைத் தள்ளிவிட்டேன். என் கை பட்டது உங்களுக்கு ஆகாது, உங்கள் கை பட்டது எனக்கும் ஆகாது என்று மெஸ் இந்தியில் கத்தினேன். அந்த அம்மாள் கையைக் கூப்பிக்கொண்டு சாப்பிடு, சாப்பிடு என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். அழுதாள்கூட. நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

விடிந்ததும் யாரிடமும் சொல்லாமல் இறங்கினேன். குந்தன் சிங் வயல் ஓரம் வரைக்கும் பின்னாலேயே வந்தார், துணியில் ரொட்டி கட்டி நீட்டினார். நான் வாங்கவில்லை. வாயைத் திறந்து ஏதோ சொல்ல வந்தவர் சொல்லாமல் நின்றுவிட்டார். அதையும் திமிர் என்றுதான் எடுத்துக்கொண்டேன். போட்டோவை அந்த வீட்டில் நான் காட்டவே இல்லை சாமுண்டி. அத்தனை வீட்டில் காட்டினவன், காட்ட வேண்டிய வீட்டில் காட்டாமல் வந்துவிட்டேன். கீழே பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை. கடைக்காரர் பட்டாளத்திலிருந்து வந்தவர், எங்கே தங்கினீர்கள் என்று பேச்சுக் கொடுத்தார். அந்தச் சாதி வெறி பிடித்தவன் வீட்டில் என்று சொன்னேன். அவர் புரியாமல் விழித்தார். குந்தன் சிங்கா, அவர் துக்கம் காக்கிறார் ஐயா, போன மழையில் செத்த ஒரு மதராசிப் பையனுக்கு அவர்தான் கொள்ளி வைத்தார், கொள்ளி வைத்தவர் ஒரு வருஷத்துக்குத் தன் கையால் பொங்கி ஒரு வேளைதான் சாப்பிட வேண்டும், அடுத்தவர் கை அந்தச் சட்டியில் பட்டால் அன்றைக்குப் பட்டினி, அந்த வம்சத்தில் அப்படி என்றார். நான் போட்டோவை எடுத்துக் காட்டினேன். அவர் போட்டோவைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். டீ கிளாஸை என் பக்கம் தள்ளி, முதலில் இதைக் குடியுங்கள் என்றார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

டீயைக் குடித்தேன். என் மகன் செத்தான் என்று தெரிந்துகொண்டு அந்த டீயைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தேன், குடிக்காமல் அவர் விடவில்லை. பிறகு திரும்பி ஏறினேன். ஏறினது நினைவில் இல்லை. அந்த வீட்டு வாசலில் போய் நின்றபோது சருலி என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போய்த் தட்டோடுதான் வந்தாள். எனக்குத் தெரிந்துவிட்டது என்று சொன்னேன். தெரிந்தாலும் சாப்பிடு என்றாள். அந்தப் பக்கம் அதுதான் வழக்கமாம், பசியோடு இருக்கிறவன் காதில் சாவைச் சொல்லக் கூடாது, கேட்ட பிறகு அவனுக்குச் சோறு இறங்காது, தீட்டும் வந்துவிடும், அதனால் சாப்பிட வைத்துவிட்டுத்தான் சொல்வார்கள். அதற்குத்தான் முதல் நாள் அப்படிக் கெஞ்சியிருக்கிறாள். நான் சாப்பிடவில்லை, அதனால் அவர்கள் சொல்லவில்லை. வயல் ஓரத்திலாவது சொல்லியிருக்கலாமே என்று குந்தன் சிங்கைக் கேட்டேன். வெறும் வயிற்றோடு அந்தச் சரிவில் இறங்குகிற ஒரு அப்பனிடம் அதை எப்படிச் சொல்வது, உன் மகன் போன வழியிலேயே நீயும் போனால் நான் எத்தனை பேருக்குக் கொள்ளி வைப்பது என்றார். நான் அவர் காலில் விழுந்தேன். அவர் என்னைத் தொட்டுத் தூக்கக்கூட முடியாமல், சமைக்கிற நேரம், கையைத் தூரமாக வைத்துக்கொண்டு தவித்தார். சருலிதான் தூக்கினாள். அந்தத் தட்டை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன். அம்மா வைக்கிற கொள்ளுப் பருப்பு மாதிரியே இருந்தது, உப்புக்கூட அதே அளவு. அவன் சொல்லிக் கொடுத்ததுதான். சாப்பிடும்போதுதான் வாய்விட்டு அழுதேன்.

அங்கே மாவு அரைக்க ஓடைத் தண்ணீரில் சுற்றுகிற கல் இருக்கிறது, கீழே ஓடை ஓரத்தில் சின்னக் குடிசைக்குள். ஆவணியில் மழை விடாமல் பெய்துகொண்டிருந்திருக்கிறது, வீட்டில் மாவு தீர்ந்துவிட்டது. குந்தன் சிங் மூட்டையைத் தூக்கியிருக்கிறார். நம்மவன் உங்களுக்கு முட்டி வலி, நான் போகிறேன் என்று வாங்கிக்கொண்டு போயிருக்கிறான். கல் சுற்றுகிற சத்தம் வீடு வரைக்கும் கேட்குமாம். அது நின்றது, அதற்கப்புறம்தான் மலை விழுகிற சத்தம் கேட்டது என்றார். தோண்டி எடுக்க மூன்று நாளாகியிருக்கிறது. பாதை இல்லை, ஆபீசர் யாரும் ஏறி வர முடியவில்லை, முகவரி யாருக்கும் தெரியாது, மதராஸ் என்று மட்டும் தெரியும். ஊர் கூடி எரிக்க முடிவு செய்தபோது யார் கொள்ளி வைப்பது என்று கேள்வி வந்திருக்கிறது. வைத்தால் ஒரு வருஷம் காக்க வேண்டும், அதுவரை வீட்டில் கல்யாணம் கூடாது, வயது வந்த பெண் இருக்கிற வீடு, கல்யாணம் பேசியிருக்கிற வீடு, யாரும் முன்னால் வரவில்லை, அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. குந்தன் சிங்தான், என் வீட்டுக் கேழ்வரகைத் தூக்கிக்கொண்டு போனவன், என் அடுப்பில் சாப்பிட்டவன், நானே வைக்கிறேன் என்று தலையை மழித்துக்கொண்டிருக்கிறார். அந்த விரதத்தில் மீதியை நான் எடுத்துக்கொள்கிறேன், பெற்றவன் நான்தானே என்று கேட்டுப் பார்த்தேன். தொடங்கினவர்தான் முடிக்க வேண்டும், கை மாற்ற முடியாது என்றுவிட்டார். அவருக்கு ஒரு வேளை சோறு பொங்கிப் போடுகிறேன் என்றாலும் முடியாது. இத்தனை வருஷம் ஊருக்கெல்லாம் சமைத்தவன், என் மகனுக்காகப் பட்டினி கிடக்கிற மனிதருக்கு ஒரு கரண்டி சோறு போடக் கொடுத்து வைக்கவில்லை. தண்ணீர் தூக்கிக் கொடுத்தேன், விறகு பிளந்து கொடுத்தேன். அது ஆகுமாம். சில நாள் இருந்து அதைச் செய்துவிட்டு வந்தேன்.

புறப்படும்போது சருலி அவனுடைய தாளிக்கிற கரண்டியைத் துணியில் சுற்றிக் கொடுத்தாள். உனக்கு நினைவிருக்கும், அம்மாவுடைய சீர்ப் பாத்திரத்தோடு வந்தது, பிடி வளைந்த இரும்புக் கரண்டி. மற்றதெல்லாம் அவங்களே குடுப்பாங்க, தாளிக்கிறதுக்கு மட்டும் கைக்குப் பழகினது ஓணும்டா, இத்த எட்துக்கினு போ என்று அவன் பையில் அம்மாதான் வைத்தாள். மலை சரிந்த அன்றைக்கு அவன் அதை சருலிக்கு இரவல் கொடுத்துவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனதால் தப்பியது. அஸ்தியை ஆற்றில் விட்டுவிட்டார்கள், துணிமணி இருந்த பை எப்போதும் அவன் தோளில்தானாம், அதுவும் மண்ணோடு போய்விட்டது. கரண்டியைப் பைக்கு அடியில் என் பழைய பனியனுக்குள் சுருட்டி வைத்து எடுத்து வந்தேன்.

இப்போது வீட்டுப் பேஜாருக்கு வருகிறேன். வந்து இறங்கின அன்றைக்கு அம்மா என்னை ஒன்றும் கேட்கவில்லை. குளிர் எப்படி, சளி பிடித்ததா, வழியில் சோறு கிடைத்ததா, அவ்வளவுதான். மதியச் சோறும் சாப்பிடவில்லை. நீங்கள் பார்த்துவிட்டு வந்தீர்களா என்று கேட்டால் சொல்லியாக வேண்டுமே, அதனால் கேட்காமலே இருக்கிறாள். எனக்கோ அந்த மலைக்காரர்களிடம் ஒட்டிக்கொண்டது போகவில்லை, சாப்பிடாமல் இருக்கிறவளிடம் சொல்ல மாட்டேன் என்று இருக்கிறேன். ராத்திரி ஒரு வேளை சாப்பிடுகிறாளே, அப்போது சொல்லலாம் என்றால், கை கழுவினதும், தூக்கம் வருது, எதுவா இருந்தாலும் காலையில பாத்துக்கலாம் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துவிடுகிறாள். அங்கே நான் சுவரைப் பார்த்துப் படுத்த மாதிரியே படுக்கிறாள். முந்தாநாள் தண்ணீர் லாரி வந்தபோது எதிர்வீட்டு ஏகநாதன் தெரு நடுவில் குடத்தோடு நின்றுகொண்டு, இன்னாண்ணா, தம்பி கெடைச்சானா, இன்னா ஆச்சு என்று கத்திக் கேட்டான். நான் அப்புறம் சொல்றேன்பா என்று குழாயை வாங்கிக்கொண்டேன். அம்மா பக்கத்தில்தான் நின்றாள். அவள் குடம் நிரம்பி வழிந்தது, அவள் பார்க்கவில்லை.

உன்னிடம் இரண்டு விஷயம் கேட்க வேண்டும். மாப்பிள்ளையின் சிநேகிதர் யாரோ டெல்லி ஸ்டேஷனில் லோகு மாதிரி ஒருத்தனைப் பார்த்தார் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய், அம்மா மூன்று தடவை வாசிக்கச் சொன்னாள். நல்ல எண்ணத்தில்தான் எழுதினாய், உன்னைக் கோபிக்கவில்லை. இனிமேல் அப்படி ஒன்றும் எழுதாதே. அவளுக்குப் படித்துக் காட்டுகிற வாய் என்னுடையது. இன்னொன்று, ஆவணியில் குந்தன் சிங்குக்கு வருஷம் முடிகிறது. அன்றைக்கு அவர் விரதத்தை முடித்து, பிறர் கையால் முதல் சோறு சாப்பிட வேண்டுமாம். அந்தச் சோற்றை என் கையால் பொங்கிப் போடுகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். அம்மாவையும் கூட்டிப்போக ஆசை, அவள் முட்டி மலை ஏறுமா தெரியவில்லை. நீ அந்த மாதம் லீவுக்கு வந்தால் அவளுக்குத் துணையாக இருக்கும். முடியாது என்றால் மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. குழந்தைக்கு வெயில் கொப்புளம் வந்திருக்கிறது என்றாயே, பவுடரை அப்பாதே, பயத்தமாவு போட்டுக் குளிப்பாட்டு.

இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டு எழுந்து போய்விட்டு வந்து எழுதுகிறேன். மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது. அடுப்படியிலிருந்து கடுகு வெடிக்கிற சத்தம் கேட்டது. சித்திரையிலிருந்து நம் வீட்டில் மதியத்தில் அந்தச் சத்தம் கிடையாது, எனக்குக் காலையில் வைத்த குழம்பைத்தான் எடுத்துப் போடுவாள். போய்ப் பார்த்தேன். என் பை கொல்லைக் கொடியில் துவைத்துத் தொங்குகிறது, பனியனும் தொங்குகிறது. கொள்ளுப் பருப்பு இறக்கி வைத்திருக்கிறாள். அந்த வளைந்த பிடிக் கரண்டி அவள் கையில் இருந்தது, அதில்தான் கருவேப்பிலையைப் போட்டாள். என் பக்கம் திரும்பவில்லை. கீழே இரண்டு தட்டு போட்டிருந்தாள். எழுதினது போதும், எனக்கும் போட்டுக்கினேன், வந்து சாப்டுங்க, சாப்ட்டப்புறம் சொல்லுங்க, கேட்டுக்கறேன் என்றாள்.

நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும். அம்மாவும் ஆசி சொன்னாள் என்று எழுதிவிடுகிறேன், இன்றைக்கு அவளைக் கேட்க முடியாது. நீ சாப்பிட்டுவிட்டுத்தானே படித்தாய், அதை மட்டும் பதிலில் எழுது.

சோறு ஆறுவதற்குள் எழுந்து போகிற
உன் அப்பா,
துளசிங்கம்.